பேச்சியம்மா வீட்டுக்குப் போன கமிட்டி

அன்பும் வம்பும் குறையாத என் மதினிக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்தவரை இது உங்களுக்கும் எனக்கும் அண்ணனுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. வீடு வாசல் இல்லாமல் தெருவில் கிடக்கும் மனநோயாளர்களைப் பற்றி நீங்கள் இரத்தினபுரியில் ஓர் ஆராய்ச்சி செய்தீர்கள் அல்லவா? அதில் பேட்டி காணப்பட்ட நோயாளிகளில் நானும் ஒருவன். முழுப் பேட்டி. ஒரு கேள்வியையும் நான் விடவில்லை.

படிக்கிறவர்கள் அவசரப்பட வேண்டாம். அன்று நான் கலவானவில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் இரத்தினபுரி வந்து, குருவிட்ட பஸ்ஸுக்காக ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். வேட்டியில் சாம்பார். முகத்தில் தாடி. கையில் கல்யாண வீட்டுப் பலகாரத்தைக் கட்டிய அழுக்குத் துணி மூட்டை. பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய நகைச்சுவைக் கட்டுரையை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து நானே சிரித்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் சிரிப்பதாகத் தெரியாதபோது அந்த வேலையையும் எழுதுகிறவன்தானே செய்ய வேண்டும்?

கையில் ஃபைலோடு ஒரு பெண்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. நீங்கள் பழக்கி அனுப்பிய மாணவி என்று எனக்கு எப்படித் தெரியும்? பிளேன்டீயும் பணிஸும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்கத் தொடங்கியது.

“மத்தவங்க ஒங்களப் பத்திப் பேசுறாங்கன்னு தோணுதா ஐயா?”

“பேசணும்னுதாம்மா எழுதுறேன். ஒருத்தனும் பேச மாட்டேங்கிறான்.”

அது நிறைய எழுதிக்கொண்டது.

“ஒங்களுக்கு மட்டும் ஏதாச்சும் விசேஷ சக்தி இருக்கிறதா…”

“இருக்கு. நான் எழுதினதப் படிச்சு ஒரு வாத்தியாருக்கு வயித்து வலி நின்னிருச்சி. அவரே சொன்னாரு.”

அது இன்னும் நிறைய எழுதிக்கொண்டு இரண்டாவது பணிஸ் வாங்கி வந்தது. அந்தப் பணிஸுக்கு நான் இரண்டாவது சக்தியையும் சொல்லியிருப்பேன். பஸ் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸில் மதியச் சாப்பாடு. அண்ணன் மீன் குழம்பைக் குழைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் ஒரு தாளோடு வந்து எதிரில் நின்றீர்கள்.

“சுப்பையா, இது ஆர்? நாற்பது, நாற்பத்தைஞ்சு வயசு. குருவிட்டப் பக்கம். தான் ஒரு எழுத்தாளர் எண்டு நம்புறார். எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அந்த நம்பிக்கை மாறுதில்லை.”

அண்ணனுக்குப் புரையேறியது. அவர் தலையில் தட்டியவர் நீங்கள். என் தலையில் தட்ட ஆள் இல்லை. பைத்தியம் என்று அர்த்தமாகும் ‘விசர்’ என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தீர்கள். அந்தச் சட்டத்திலிருந்து எனக்கு மட்டும் விலக்களித்து, “விசரன்” என்று அன்றைக்கு ஆசைதீரச் சொன்னீர்கள். யாழ்ப்பாணத்து வாயால் அதைக் கேட்பதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

பிறகு உங்கள் முகம் மாறியது.

“சிரிச்சது காணும். வீடு இருக்கோ எண்டு பிள்ளை கேட்டதுக்கு என்ன சொன்னனீர்?”

“இருக்குன்னு சொன்னேன் மதினி.”

“எங்க?”

“அஞ்சாம் லயம், ரெண்டாம் காம்பரா.”

“அங்க நீர் கடைசியாப் படுத்தது எப்ப?”

யோசிக்க வேண்டியிருந்தது. அப்பா செத்து, தோட்டத்தில் வேலை செய்ய எங்கள் வீட்டில் ஆள் இல்லையென்று ஆனதும், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கிருந்த ஒற்றை அறைக் காம்பராவைத் தோட்டத் துரை எடுத்துக்கொண்டார். அண்ணன் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிளாக்கர் வேலைக்கு வந்தார். நான் குருவிட்டவில் டெலிபோன் பேசுகிற கொமியூனிகேஷன் கடை போட்டு, கடைக்குப் பின்னாலேயே வாடகை அறையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்தேன். அது நடந்து என் தலைமுடி பாதி போய்விட்டது.

“இப்ப அந்தக் காம்பராவில ஆர் இருக்கினம்?”

“முத்துசாமி குடும்பம்.”

“பிறகேன் வீடு இருக்கெண்டு சொன்னனீர்?”

“வீடுன்னு கேட்டா வேற என்னாத்தச் சொல்றது மதினி? கடைக்குப் பின்னால இருக்கிறது ரூமு. வீடுன்னா லயந்தானே.”

நீங்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். மீன் குழம்பு ஆறியது. எல்லாத் தாளையும் எடுத்து வந்து மேசையில் பரப்பினீர்கள். பஸ் ஸ்டாண்டு, சந்தை, கோயில் வாசல் என்று படுத்துக்கிடந்த தமிழ்ச் சனம் அத்தனை பேரும் வீடு இருக்கிறது என்றே சொல்லியிருந்தார்கள். தோட்டத்தின் பேர், டிவிஷன், லயம், காம்பரா. ஒருவர்கூடத் தடுமாறவில்லை. பிறந்த காம்பராதான் நமக்கு மேல்விலாசம். அது கையைவிட்டுப் போய் எத்தனை காலமானாலும், கேட்டவுடன் வாயில் வருவது அதுதான். இந்த மடத்தனத்தைத் தோட்டத்து ஆட்களைத் தவிர வேறு யாராலும் இவ்வளவு நம்பிக்கையாகச் செய்ய முடியாது. நான் அதைப் பணிஸ் தின்றுகொண்டே செய்தேன்.

அதற்குள் தாள்களின் சுருக்கம் நகரத்துக் கமிட்டிக்குப் போய்விட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த பழைய குவாட்டர்ஸை இவர்களுக்குத் தரச்சொல்லித்தான் நீங்கள் கேட்டிருந்தீர்கள். தங்க இடம், அங்கேயே மருந்து, அங்கேயே நேர்ஸ். கமிட்டி படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டது. எல்லாருக்கும் வீடு இருக்கிறதே, பிறகு எதற்குக் குவாட்டர்ஸ்? பெரஹெர ஊர்வலம் வருகிறது, ஊர் சுத்தமாக இருக்க வேண்டும், எல்லாரையும் வேனில் ஏற்றிக் கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம், குணமானதும் அவரவர் வீட்டுக்குப் போகட்டும். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது. கூட்டிப்போக வீட்டிலிருந்து ஆள் வந்தால்தான் அங்கே வெளியில் விடுவார்கள். முத்துசாமி குடும்பமா என்னைக் கூட்டிப்போக வரும்?

வேனில் முதல் இடம் பேச்சியம்மாவுக்கு என்று பேசிக்கொண்டார்கள்.

பேச்சியம்மாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதிருக்கும். ஒருகாலத்தில் ரப்பர் வெட்டியவர். பூட்டிக்கிடந்த ஒரு கடையின் முன்னால் குடியிருந்தார். காலையில் எழுந்ததும் அந்த முன்பக்கத்தையும் பாதி பஸ் ஸ்டாண்டையும் கூட்டுவார். கூட்டிய இடத்தில் செருப்புக்காலை வைத்தவர் கொண்டக்டரோ போலீஸோ, விளக்குமாறு பேசும். மற்ற நேரங்களில் யாரோ காதுக்குள் சொல்வதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். ஒருநாள் விளக்குமாறு கமிட்டி ஆள் ஒருவருடைய காரின் மேல் பேசியதாக ஊரில் கதை. நான் பார்க்கவில்லை. பார்த்த மாதிரி நாலு இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் காலை நேரங்களில் போய் அந்த வாசலில் குந்தியிருந்ததை நான் பார்த்தேன். முதலில் பேச்சே இல்லை. ஒருநாள், “கிளினிக்குக்கு ஒருக்கா வாங்கோவன்” என்றீர்கள்.

“மூட்டைய யாரு பாத்துக்குவா? ஒங்க அப்பனா?”

கிளினிக்குக்குத் தெருச்சனம் ஏன் வருவதில்லை என்று உங்கள் டாக்டர்மார் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்களே. காரணம் அந்த மூட்டைதான். விட்டுவிட்டு வந்தால் திரும்பிப்போகும்போது இருக்காது.

“நான் பாக்கிறன். நீங்கள் தம்பியோட போட்டு வாங்கோ” என்று அங்கேயே உட்கார்ந்தீர்கள். கஞ்சிபோட்ட சேலை, கையில் மணிக்கூடு, மடியில் பேச்சியம்மாவின் மூட்டை. நாங்கள் ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது உங்கள் முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் சில்லறை போட்டுவிட்டுப் போயிருந்தார். எனக்கு அந்த வாரக் கட்டுரை கிடைத்தது. நீங்கள் எழுதவிடவில்லை. இப்போது எழுதிவிட்டேன், என்ன செய்வீர்கள்?

கமிட்டிக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனீர்கள். உங்கள் சிங்களம் கோபம் வந்தால் படுத்துவிடும். மொழிபெயர்க்க நான். தலைவர் மாத்தயா நல்ல மனுஷர்தான். மாணிக்கக்கல் யாவாரிகளோடு பழகிய கடைத்தெருத் தமிழும் தெரியும். கேள்வியை மாற்றி, நேற்று எங்கே படுத்தீர்கள் என்று இன்னொரு முறை எல்லாரிடமும் கேட்டுவிட்டு வருகிறோம் என்று கெஞ்சினீர்கள். அவர் தாளைத் தட்டிக்காட்டினார்.

“கமலா மிஸ், ஒங்க பேப்பர்லயே எல்லாருக்கும் கெதர, வீடு இருக்குன்னு போட்டிருக்கு. இன்னும் என்ன கேக்கிறது?”

“ஓம் ஐயா. இருக்கெண்டுதான் சொல்லுகினம். அப்ப ஒரு வீட்டையாவது போய்ப் பாத்திட்டு வருவம், வாங்கோ.”

அவர் மறுத்திருக்கலாம். வெளியில் நல்ல வேன் நின்றது, கூட்டமோ சலிப்பாக இருந்தது. வருகிறேன் என்றார்.

அன்றே பேச்சியம்மாவிடம் போனோம். பெரிய ஆட்கள் உங்கள் வீட்டைப் பார்க்க வரலாமா என்று கேட்டீர்கள். அவர் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் எல்லாம் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தீர்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவது. பேச்சியம்மா சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டே யோசித்தார்.

“வரட்டும். வெறுங்கைய வீசிக்கிட்டு வரச் சொல்லாத.” என் பக்கம் திரும்பினார். “நீயும் வாறியா? நீ சும்மா இளிக்கிற ஆளு. எங்க வீட்டுல வந்து இளிக்கக் கூடாது.”

போகிற வழியில் ஒரு கடையில் வேனை நிறுத்தச் சொல்லி, தலைவரைக் கொண்டே பிஸ்கட் பெட்டியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்க வைத்தீர்கள். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எந்த ஊரிலும் மரியாதை இல்லை என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அவருக்கும் அது சரியாகவே பட்டது.

தோட்டத்து வாசலில் ஒரு கிளாக்கர் ஏறிக்கொண்டார். வேலைக்கு வந்த புதுசு, ரப்பர் மரத்துக்கும் பலா மரத்துக்கும் வித்தியாசம் கேட்டால் முழிப்பார் போலிருந்தது. பாதை முடிந்த இடத்தில் இறங்கினோம். முன்னால் பேச்சியம்மா, தலையில் மூட்டை. பின்னால் நீங்கள், தலைவர், கமிட்டியில் இன்னும் இரண்டு பேர், அந்தக் கிளாக்கர், கடைசியில் நான். மழை ஈரம், அட்டைக்கடி. தலைவர் சப்பாத்துக்குள் காற்சட்டையைச் செருகிக்கொண்டு நடந்தார்.

ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஓரிடத்தில் பேச்சியம்மா நின்றார். மூட்டையை இறக்கினார். இல்லாத படியில் கால் தூக்கி ஏறினார். இரண்டு மரங்களுக்கு நடுவில் நின்று சேலையைச் சரிசெய்துகொண்டு எங்களைப் பார்த்தார்.

“வாங்க. எண்ட மாத்தயா, எண்ட.”

தமிழிலும் சிங்களத்திலும் வரவேற்றாயிற்று. சுற்றிலும் மரம். சுவர் இல்லை, கூரை இல்லை, அடுப்புக்கல்கூட இல்லை. வெட்டிய பட்டையிலிருந்து சிரட்டைக்குப் பால் சொட்டிக்கொண்டிருந்தது. தலைவர் ஓரடி முன்னால் வைத்தார்.

“தொரை. சப்பாத்து.”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் மரத்து உச்சியைப் பார்த்தேன். நீங்கள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் படியேறிப் போனீர்கள். மதினி, அந்த நேரம் அவர் சிரித்திருந்தாலோ, பைத்தியம் என்று திரும்பி நடந்திருந்தாலோ, பேச்சியம்மா அடுத்த கிழமை வேனில் போயிருப்பார். மனுஷர் குனிந்தார். சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். சொக்ஸையும் கழற்றினார். அட்டைக்கு அன்று விருந்து.

“இது இஸ்தோப்பு. ஆம்பளைங்க இங்கன உக்காருங்க. நீ உள்ளுக்கு வா” என்று உங்களைக் காம்பராவுக்குள் கூட்டிப்போனார். நாங்கள் அந்தத் திண்ணையில், இலைச்சருகின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். பிஸ்கட்டைப் பிரித்து எல்லாருக்கும் வைத்தார். தலைவருக்கு எத்தனை பிள்ளைகள், மூத்தவள் கட்டிப் போய்விட்டாளா, மருமகன் குடிக்கிறவனா என்று விசாரித்தார். கடைசிக் கேள்விக்குத் தலைவர் பெருமூச்சு விட்டார். அது இங்கே வேண்டாம், அவரும் இதைப் படிப்பார்.

பிறகு மழை வந்தது. இரத்தினபுரி மழை, உங்களுக்குத் தெரியுமே, சொல்லிக்கொண்டு வராது. கமிட்டி ஆட்கள் எழும்பப் போனார்கள். பேச்சியம்மா கையைக் காட்டி அமர்த்தினார்.

“உக்காருங்க, உக்காருங்க. தகரம் புதுசு. ஒரு சொட்டு ஒழுகாது.”

யாரும் எழும்பவில்லை. தலையிலிருந்து தண்ணீர் வடிய வடிய நனைந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தோம். எனக்கு இளிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலைவர் என் காதருகில் குனிந்து சிங்களத்தில் சொன்னார்: நேற்று இரவு எங்கே படுத்தார் என்று அந்த அம்மாவிடம் கேள்.

கேட்டேன். மடையனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“பஸ் ஸ்டாண்டுலதான். வேற எங்க?”

நீங்கள் காம்பராவுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தீர்களே ஒரு பார்வை. அதைப்போல ஒன்றை என் கட்டுரை எதற்கும் நீங்கள் தந்ததில்லை.

வேனில் திரும்பும்போது தலைவர் காலில் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, எல்லாரிடமும் திரும்பக் கேளுங்கள் என்றார். கேட்டோம். இந்த முறை லயமும் காம்பராவும் வரவில்லை. கடை வாசல், கோயில் பின்புறம், பாலத்தடி என்று வந்தது. வேன் யாரையும் ஏற்றவில்லை. குவாட்டர்ஸ் சாவி உங்கள் கைக்கு வந்தது.

அந்த வீட்டுக்கு முதலில் வாங்கிய சாமான் என்ன என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். கட்டிலோ மருந்து அலுமாரியோ இல்லை. மூட்டை வைத்துப் பூட்டுகிற பெட்டிகள். சாவியை அவரவர் கழுத்தில் கட்டிக்கொள்ளலாம். போர்டு மாட்டக் கூடாது என்றீர்கள். வந்தவுடன் கேள்வி கேட்கக் கூடாது, தேத்தண்ணி முதலில், பேச்சு பிறகு, மருந்துக் குளிசை அதற்கும் பிறகு என்றீர்கள். கிளினிக் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள் தேத்தண்ணிக்கு வந்தார்கள், பெட்டிக்குத் தங்கினார்கள், ஊசிக்குக் கையை நீட்டினார்கள்.

பிறகு நீங்களே படுத்துவிட்டீர்கள். வார்டுக்கு ஒருநாள் பேச்சியம்மா வந்தார். பிஸ்கட் பெட்டியோடுதான். உங்கள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலடியில் குந்தினார். “நீ தூங்கு. நான் பாத்துக்கிறேன்” என்றார். நீங்கள் தூங்கினீர்கள். நேர்ஸ் வந்து எழுப்பும்வரை அவர் அசையவில்லை. நோவு தெரியாமல் தூங்கினீர்களா, தூங்குவதுபோல் கிடந்தீர்களா? கேட்க நினைத்து விட்டுப்போயிற்று.

உங்கள் அந்தியேட்டிக்கு, அதாவது முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, யாழ்ப்பாணத்து வழக்கப்படி அச்சிட்ட நினைவு மலரில் எனக்கு ஒரு பக்கம் தந்தார்கள். “அன்னார் பண்பின் சிகரம்” என்று எழுதினேன். நீங்கள் வாசித்திருந்தால் அந்தப் பக்கத்தால் என் வாயைத் துடைத்திருப்பீர்கள். ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் ஒழுங்காக எழுத வருகிறது.

ஊர்ப் புதினம் கேளுங்கள். வீடு நடக்கிறது மதினி. நீங்கள் போனால் மூடிவிடுவார்கள் என்று பயந்தீர்களே, மூடவில்லை. பக்கத்து அறையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். வேறு மாவட்டத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, உங்கள் கேள்வியைத் தங்கள் தாள்களில் முதல் கேள்வியாகப் போட்டிருக்கிறார்கள். கொழும்பில் ஒரு பெரிய கூட்டத்தில் உங்கள் ஆராய்ச்சியைத் தலைவர் மாத்தயாவே எழும்பி நின்று வாசித்தார். சப்பாத்தைக் கழற்றியது தன் யோசனை என்பதுபோல் சொன்னாராம். விட்டுவிடுங்கள், அட்டை கடித்தது அவரைத்தானே. இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பௌர்ணமிப் போயா தினத்தில் பிஸ்கட்டோடு வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று பேச்சியம்மாவிடம் கேட்கிறார். சில நாட்களில் பேச்சியம்மா கூடாது என்கிறார். தலைவர் வெளியில் நிற்கிறார்.

பேச்சியம்மாவுக்குக் காதில் சத்தம் குறைந்திருக்கிறது. நிற்கவில்லை. “இருந்துட்டுப் போகட்டும், பேச்சுத் தொணைக்கு” என்கிறார். வீட்டுச் சாவிக்கொத்து அவர் இடுப்பில். அண்ணன் உங்கள் சேலைகளை யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் வைத்திருந்தார். பேச்சியம்மா வந்து ஊதா நிறச் சேலையைக் கேட்காமலே எடுத்துப்போனார். அண்ணன் அன்றைக்குத்தான் உங்களுக்காக வாய்விட்டு அழுதார். பிறகு சிரித்தார். பருப்பை இன்னும் தீய்க்கிறார்.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். அந்த வீட்டை மூட எவன் வந்தாலும் நான் வாசலில் குந்தியிருப்பேன், எனக்கு முன்னால் சில்லறை விழுந்தாலும் சரி. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன மாதம் அந்தத் தோட்டத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தபோது, அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பழைய கங்காணி என்னிடம் சொன்னதை நான் யாரிடமும், குறிப்பாகத் தலைவரிடம், மூச்சுவிட மாட்டேன். நாங்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த இடத்தில் அவர் பாட்டன் காலத்திலிருந்து ரப்பர்தானாம், லயமே இருந்ததில்லையாம். பேச்சியம்மாவின் லயம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், இன்றைக்கும் நிற்கிறது.

என்றும் உங்கள் வாய்க்கு அகப்பட்ட கொழுந்தன்,
சுப்பையா